கிணறு இருந்த இடம்

அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து பேச்சு வராமல் போன மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சாமான்களுக்கு மவுசு கூடியது. ஒன்று எவர்சில்வர் டம்ளர். கரண்டியால் அதில் ஒரு தட்டு தட்டினால் என்னைக் கூப்பிடுகிறாள், இரண்டு தட்டு என்றால் அப்பாவை. இன்னொன்று சிலேட்டு. என் பையன் ஒன்றாம் வகுப்பில் இரண்டு நாள் தூக்கிப்போய்விட்டு மூலையில் போட்டது. முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுத்தவள் அம்மா. மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போகும் குரல். அது போய், பஞ்சரான டியூபில் காற்றடித்த மாதிரி ஒரு ‘ஹ்ஹ்’ மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஏறும்போதெல்லாம் உச்சந்தலையில் தானே தட்டிக்கொள்வாள். “யாரோ நெனைக்காவ” என்று சொல்ல வாய் வராமல், இருமிக்கொண்டே சிலேட்டைத் தேடுவாள்.

கழுத்தில் கத்தி பட்டால் குரல் போகும் என்பது பெரிய அதிசயமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என்னைக் குடைந்தது வேறு. டாக்டர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி: “அந்த நரம்பு நெஞ்சுக்குள்ள போயிட்டுத் திரும்பி வர்றது.” குரல்வளை கழுத்தில் இருக்கிறது, மூளை அதற்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. இடையில் நெஞ்சுக்கு என்ன வேலை?

“யாரு பாத்தா டீச்சர்?”

இதைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மா வேலை பார்த்த பள்ளியில்தான் நானும் படித்தேன், அவள் வகுப்பிலேயே. பரிணாமப் பாடம் வந்த அன்று சுவரில் அந்தப் படம் தொங்கியது. கூன் விழுந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகிக் கையில் ஈட்டியோடு நடக்குமே, அது. (அந்தப் படமே ஒரு குழப்பவாதி. இன்றைய குரங்கு நம் பாட்டன் இல்லை, பங்காளி. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.) மீன்பிடி துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “கொரங்குலேந்து மனுசன் வந்ததை யாரு பாத்தா டீச்சர்?” வகுப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டு, “நீ பாத்தியோ பாக்கலையோ, அஞ்சு மார்க்கு கேள்வி. எழுதிரு” என்றாள்.

வீட்டில் அவள் பரிணாமத்தை நம்பினாளா என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவளுக்குப் புரிந்திருக்காது. பாடம் பாடம், சாமி சாமி. பரிணாமம் என்பது மூன்று மணி நேரத் தாளில் ஐந்து மார்க். எனக்கும் அப்படித்தான். வாய்ப்பாட்டை நம்புகிற மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

2018-இல் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு என்று பேசினார். ஊரே கேலி செய்தது, நானும் செய்தேன். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டு, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டபோது அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா கேட்டார்: “ஒரே ஒரு ஆதாரம் சொல்லும்மா, போதும்.” நான் “ஃபாசில், டி.என்.ஏ.” என்று எழுதினேன். அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் கட்டைவிரல் எனக்குப் பல நாள் உறுத்தியது. இரண்டு சொல்லை எழுதினேனே தவிர ஆதாரம் எதையும் சொல்லவில்லை. அம்மா அந்தப் பையனிடம் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன்.

சிலேட்டில் ஒரு ‘ஏன்’

இரண்டாவது ரிவ்யூவில் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்கள். “டீச்சர், ஈஈ சொல்லுங்க.” இரண்டு வெள்ளை மடிப்புகள் தெரிந்தன. வலது பக்கத்து மடிப்பு கதவு மாதிரி நடுவுக்கு வந்து போனது. இடது பக்கம் அசையாமல் கிடந்தது. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். எங்கிருந்து வருகிறது அந்த நரம்பு என்று கேட்டேன். ரிப்போர்ட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் வரைந்து காட்டினார்.

மண்டையோட்டின் அடியிலிருந்து வேகஸ் என்று ஒரு பெரிய நரம்பு கழுத்து வழியாக இறங்குகிறது. குரல்வளைக்குப் பக்கத்திலேயே போகிறது. போகிற போக்கில் ஒரு சிறு கிளை நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. ஆக, நேர்வழி என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் குரல் மடிப்புகளை அசைக்கும் முக்கியமான கிளை அங்கே பிரிவதில்லை. வேகஸோடு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவு வரை போய், அங்கே பிரிந்து, அந்த வளைவை அடியில் சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மறுபடி மேலே ஏறி, தைராய்டின் முதுகை உரசிக்கொண்டு குரல்வளைக்கு வருகிறது. “இந்த உரசல்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி” என்றார்.

அம்மா சிலேட்டில் ‘ஏன்?’ என்று எழுதிக் காட்டினாள். டாக்டர் சிரித்தார். “நீங்கதான் டீச்சர் எங்களுக்குச் சொல்லணும். செவுள் வளைவு, ஞாபகம் இருக்கா? இது மீன் காலத்துக் கணக்கு.” அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது சிலேட்டை வெளியே எடுக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளைமீன் வந்தது. மீன் வாங்கினால் செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பது அம்மாவின் அனிச்சைச் செயல். கறுத்திருந்தால் மீன்காரரைச் சும்மா விடமாட்டாள். அன்று மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே விரலை விட்டு ஒவ்வொன்றாக விலக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். டம்ளரில் ஒரு தட்டு. போனேன். சீப்புச் சீப்பாகச் சிவந்த நான்கு வளைவுகள். அதற்குச் சற்றுப் பின்னால், அடியில், சுண்டைக்காய் அளவுக்கு இதயம். ஈரக்கையால் சிலேட்டில் எழுதினாள்: ‘இங்க சுத்து இல்ல. நேர்வழி.’

பிறகு நான் படித்து விளங்கிக்கொண்டது இது. மீனில் இதயமும் செவுளும் அக்கம்பக்கம். இதயத்திலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தமனி போகிறது. வேகஸின் கிளைகளும் வரிசையாக அந்தந்தத் தமனிக்குப் பின்னால் இறங்குகின்றன. அங்கே அதுதான் கிட்டின வழி. மனிதக் கருவிலும் நான்காவது வாரத்தில் கழுத்துப் பகுதியில் இதே மாதிரி வளைவுகள் எழும்புகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு தமனி, ஒரு நரம்பு, கொஞ்சம் குருத்தெலும்பு. நமக்குச் செவுள் முளைத்து மறைகிறது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. வளைவுகள் தாடையாகவும் காதெலும்பாகவும் குரல்வளைக் குருத்தெலும்பாகவும் ஆகின்றனவே தவிர ஒருநாளும் செவுளாக இருப்பதில்லை. ஜெர்மன் விலங்கியலாளர் ஹெக்கல் வரைந்த கருப் படங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்பதும் தெரிந்ததுதான். அம்மா போர்டில் அதைத்தான் வரைந்தாள், பாவம். ஆனால் வளைவுகளின் அடுக்கு நிஜம். குரல்வளை நரம்பு ஆறாவது வளைவுக்குரியது. (மீனில் செவுளாகும் நான்கும் மூன்றாவது முதல் ஆறாவது வரை.) ஆறாவது தமனிக்கு அடியில் போகிறது. அந்த நேரத்தில் இதயம் கழுத்தருகே இருப்பதால் சுற்று ஒன்றும் கிடையாது. பிறகு கழுத்து நீள்கிறது, இதயம் நெஞ்சுக்குள் இறங்குகிறது, இறங்கும்போது தமனிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. தமனிக்கு அடியில் மாட்டிக்கொண்ட நரம்பு வேறென்ன செய்யும்? அதுவும் நீண்டுகொண்டே கீழே போகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இடம் வலம் பேதம். இடது பக்கத்து ஆறாவது தமனி, கருவிலிருக்கும் பிள்ளைக்கு நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போகும் குறுக்குவழியாக வேலை செய்து, பிறந்தபின் மூடிக்கொண்டு ஒரு நாராக மிஞ்சுகிறது. இடது நரம்பு இன்றும் அந்த நாரை ஒட்டித்தான் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. வலது பக்கத்திலோ ஐந்தாவது தமனியும் ஆறாவதன் கடைசிப் பகுதியும் கருவிலேயே மறைந்துவிடுகின்றன. பிடிப்பு போன நரம்பு மேலே நழுவி, நான்காவது தமனியிலிருந்து உருவான தோள்பட்டைத் தமனியில் மாட்டிக்கொள்கிறது. அதனால் வலது பக்கச் சுற்று சிறியது, இடது பக்கம் பெரியது. பேசுவதற்கு இந்த ஏற்றத்தாழ்வால் ஒரு லாபமும் இல்லை. வரலாற்றைச் சொன்னால் தவிர இதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இந்த நரம்பை முதலில் காட்டியவர் இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த மருத்துவர் காலென். கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் கழுத்தில் இதை அமுக்கி, கூட்டத்தின் முன்னால் அதன் சத்தத்தை நிறுத்திக் காட்டினார். கீழே போய் மேலே வருவதைப் பார்த்து அவர் சொன்ன விளக்கம் கப்பி: கிணற்றில் வாளி இழுக்கக் கயிறு கப்பியைச் சுற்றி வருகிற மாதிரி, குரல்வளையைக் கீழ்நோக்கி இயக்க நரம்பு சுற்றி வருகிறதாம். சிரிக்கத் தோன்றவில்லை. கையிலிருந்த சரக்குக்கு நல்ல விளக்கம்தான். நரம்பு கயிறு மாதிரி இழுப்பதில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

என் மனம் முழுசாகத் திரும்பிய இடம் இது எதுவும் இல்லை. இவ்வளவையும் படித்தபின்னும் சித்தப்பாவின் குரலில் ஒரு கேள்வி உள்ளே ஓடியது. அந்தச் சுற்றுக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒரு நோக்கம் இருக்கலாம் இல்லையா? வழியில் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் அந்த நரம்பு சிறு கிளைகளைக் கொடுக்கத்தான் செய்கிறது. அப்படி யோசித்துக்கொண்டிருந்த இரவில்தான், தைராய்டு அறுவை செய்பவர்கள் பயப்படும் ஒரு விதிவிலக்கைப் படித்தேன். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, சிலருக்கு வலது நரம்பு சுற்றுவதே இல்லை. கழுத்திலேயே பிரிந்து நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. அவர்கள் நம்மைப் போலவே பேசுகிறார்கள், பாடுகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிறார்கள். கழுத்தைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஏன் அவர்களுக்கு மட்டும் நேர்வழி? அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் வலது தோள்பட்டைத் தமனி தப்பான இடத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. அந்தப் பக்கத்து நான்காவது வளைவின் தமனி கருவிலேயே மறைந்துபோயிருக்கிறது. மாட்டிக்கொள்ள ஆளில்லை, நரம்பு நேராகப் போய்விட்டது. தமனி இருந்தால் வளைவு உண்டு, தமனி இல்லையென்றால் வளைவும் இல்லை. குரலுக்கும் அந்தச் சுற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மணி இரண்டு இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிளம்பர் அண்ணாச்சி

அப்போது ஞாபகம் வந்தது முந்தின வருஷம் புறவாசலில் புது லைன் போட மண்ணைத் தோண்டிய நாள். பழைய ஜி.ஐ. பைப் சுவரோரம் நேராக வந்து, வெறும் மண்ணில், ஒரு காரணமும் இல்லாமல் அரைவட்டம் அடித்து மறுபக்கம் போய் மறுபடி நேரானது. நாலு எல்போ வீணாகியிருந்தது. பிளம்பர் அண்ணாச்சி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்த எடத்துல ஏதோ இருந்திருக்கும்மா.” அரைவட்டத்தின் நடுவில் ஓரடி தோண்டினார். செங்கல் உறை தட்டுப்பட்டது. அதன் பிறகுதான் ஆச்சியைக் கூப்பிட்டோம். “அங்க கெணறுல்லா கெடந்துச்சு! ஒங்க அம்மா கல்யாணம் முடிச்சு வந்த வருசம் மூடுனோம்.”

நான் அந்தக் கிணற்றைப் பார்த்ததில்லை, அண்ணாச்சியும் பார்த்ததில்லை. பைப்பின் வளைவைப் பார்த்துச் சொன்னார், சொன்ன இடத்தில் தோண்டினார், இருந்தது. ஆச்சி இல்லாவிட்டாலும் கிணறு கிணறுதான். “யாரு பாத்தா டீச்சர்?” என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவே.

சொன்ன இடத்தில் தோண்டுவது என்றதும் டிக்டாலிக் என்ற ஃபாசில் நினைவுக்கு வருகிறது. துடுப்புள்ள மீன்களுக்கும் காலுள்ள முதல் விலங்குகளுக்கும் இடைப்பட்ட ஒன்று, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆற்றுப்படிவுப் பாறையில் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள் ஃபாசில் ஆய்வாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும். அந்த வயதுப் பாறை வெளியே தெரியும் இடத்தை நிலவியல் வரைபடத்தில் தேடிப் பிடித்து, 1999 முதல் கனடாவின் வடகோடித் தீவுகளுக்குப் போய்வந்தார்கள். 2004-இல் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. செதில் உண்டு, துடுப்பு உண்டு, துடுப்புக்குள் மேல்கை, முன்கை எலும்புகள் உண்டு. மீன்களில் தலை தோளோடு பிணைந்திருக்கும். இதற்கு அந்தப் பிணைப்பு எலும்புகள் போய்த் தலை தனியாகத் திரும்புகிறது. அதாவது கழுத்து. அம்மாவின் நரம்புக்கு வந்த வினையெல்லாம் இந்தக் கழுத்தால்தான். இதுவே நம் நேர்ப் பாட்டி என்று சொல்ல முடியாது. 2010-இல் போலந்தில் இதைவிடப் பழைய கால்தடங்கள் அறிவிக்கப்பட்டன, ஆகவே இது அந்தக் குடும்பத்தில் கடைசிவரை பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு பெரியம்மா. உறவுமுறைதான் மாறுகிறது, குடும்பம் மாறவில்லை.

அண்ணாச்சி அன்று கேட்டார், “நேரா மாத்திரவா?” மாற்றினோம். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, பக்கத்து வீட்டில் குடம் வாங்கி, மாற்றினோம். உயிருக்கு அந்த இரண்டு நாள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கருவிலிருந்தே ரத்தம் ஓடிக்கொண்டு, நரம்பு வேலை செய்துகொண்டு இருந்தாக வேண்டும். பழைய லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைய நேரமே இல்லை. இருப்பதை இழுத்து நீட்டலாம், அவ்வளவுதான். அதனால்தான் ஒட்டகச்சிவிங்கியின் இடது நரம்பு கீழே போய்த் திரும்பி வர மொத்தம் நான்கு மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. இரண்டு மீட்டர் கழுத்துக்கும் அதற்கு அதே ஏழு எலும்புதான், நமக்கும் எலிக்கும் இருப்பது போல.

அம்மாவின் புரையேற்றமும் இதே கணக்குதான் என்பது தனி வேடிக்கை. காற்றுக் குழாயும் சோற்றுக் குழாயும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. நாம் விழுங்கும் ஒவ்வொரு பருக்கையும் மூச்சுக்குழாயின் வாயைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது என்று டார்வினே 1859-இல் வியந்திருக்கிறார். நம் நுரையீரலே ஆதி மீன்களின் உணவுக்குழாயிலிருந்து கிளைத்த பை என்பதால் வந்த சந்திப்பு இது. நடுச்சந்தியில் சிக்னல் பழுதானால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொள்கிறோம்.

புண் ஆறட்டும் என்று எதிர் வீட்டு அக்கா தினம் நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். வைட்டமின் சி. அவர் வீட்டு ஆடு அதைத் தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் அப்படித்தான். நமக்கும் அதற்கான மரபணு எட்டாவது குரோமோசோமில் கிடக்கிறது, ஆனால் உடைந்து. குரங்குகளுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது. தேவாங்கும் லீமரும் சேர்ந்த கிளையில் அது இன்னும் வேலை செய்கிறது. கினிப்பன்றிக்கும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. பரீட்சையில் இரண்டு பேர் ஒரே சரியான விடை எழுதினால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே எழுத்துப்பிழையை ஒரே இடத்தில் செய்திருந்தால் இருவரையும் எழுப்பி நிற்க வைத்துவிடுவாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு காலையில், காக்காயை விரட்டும்போது சத்தம் வந்துவிட்டது. காக்காயைவிட அம்மாதான் அதிகம் திடுக்கிட்டாள். பழைய குரல் இல்லை, சற்றுக் கரகரப்பு. அது இன்னும் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றுவதும் நிற்கவில்லை. சிலேட்டு மறுபடி மூலைக்குப் போயிற்று. டாக்டர் வரைந்த தாள் மட்டும் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், கரண்ட் பில்லோடு சேர்த்துக் கம்பியில் குத்தியிருக்கிறது.

அன்றைக்கு என்னிடம் கேட்டாள், “ஏட்டி, ஒங்கூடப் படிச்சானே, துறைமுகத்துப் பய, கேள்வி கேட்டவன், நம்பர் இருக்கா?” விசாரித்து வாங்கிக் கொடுத்தேன். அவன் இப்போது மீன் ஏலக்கடை வைத்திருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம். தான் அப்படி ஒரு கேள்வி கேட்டதே அவனுக்கு ஞாபகமில்லை.

“சரி, அது கெடக்கட்டும். மீனுக்குச் செவுளு எத்தனை வளைவுலே?”

“ஒரு பக்கத்துக்கு நாலு டீச்சர். எதுக்கு?”

“நாலுதான. இப்பம் ஒங் கழுத்தைத் தொட்டுப் பாரு.”

“டீச்சர், கடைல ஆள் நிக்காவ.”

“நிக்கட்டும்” என்று அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.